நல்லாயிருக்கு என்றேன்

அத்தான் அந்தக் கிளாஸை என்னிடம் நீட்டியபோது அதிலிருந்த வைனை அவர் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவுஸ்திரேலியாவின் ஓகஸ்ட் மாதத்துக் குளிர். தகரக் கூரையில் மழை விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் பதினான்கு மரப் பீப்பாக்கள் இரண்டு அடுக்காகக் கிடந்தன. அந்த வருடத்து உழைப்பு முழுவதும் அவற்றுக்குள்தான் இருந்தது. நான் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனேன். ஒரு மிடறு எடுத்து, வாய்க்குள் உருட்டி, காலடியிலிருந்த வாளிக்குள் துப்பினேன். பிறகு அவரைப் பார்த்து, "நல்லாயிருக்கு, அத்தான்" என்றேன். வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருப்பேன். எல்லாம் மறந்துபோயிற்று. இது ஒன்று மட்டும் போகவில்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்துக் கரையோரக் கத்தோலிக்கக் குடும்பம். மெல்பேர்ணில் ஒரு பெயின்ற் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். சிட்னியில், நார்த்மீட்டில், என் கலியாண வாழ்க்கை முறிந்தபோது ஒரு சூட்கேசோடு பஸ் ஏறி மெல்பேர்ணுக்கு வந்து இறங்கினேன். பஸ் நிலையத்தில் அத்தான்தான் நின்றார். ஏன், எதற்கு, என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. சூட்கேசைக் கையில் வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டனியோ?" என்று மட்டும் கேட்டார். ரோவிலில் அவர்களுடைய வீட்டு முன்னறையில் இரண்டு வருடம் இருந்தேன். அந்த இரண்டு வருடத்திலும் அந்த வீட்டில் நான் ஒரு பாரமென்று எனக்குத் தோன்றும்படி ஒரு பார்வைகூட என்மேல் விழுந்ததில்லை.

அங்கேயிருந்துதான் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலைக்குப் போகத் தொடங்கினேன். எனக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை. ஒரு அறைக்குள் நுழைந்ததுமே அங்கே படுத்திருக்கும் கிழவிக்குச் சிறுநீரில் கிருமி தொற்றியிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். தாதிமார் முதலில் சிரித்தார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னபோது அக்கா, "சாப்பிடேக்கை கதைக்கிற கதையே இது?" என்று முகத்தைச் சுளித்தாள். அத்தான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவர் கண்ணில் வந்த வெளிச்சம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அத்தானுக்கு வைனில் பைத்தியம். குடிப்பதில் இல்லை, ருசி பார்ப்பதில். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்கள் ஆட்களுக்கு விளங்காது. கோயில் வாசலில் அவரைக் கள்ளுக்கடை ஆள் என்ற அர்த்தத்தில் 'தவறணைக்காரர்' என்று பகிடி பண்ணுவார்கள். சனிக்கிழமைகளில் மெல்பேர்ணுக்கு வெளியே யாரா பள்ளத்தாக்குக்குப் போய், சின்னச் சின்னத் திராட்சைத் தோட்டக்காரரின் இடங்களாகத் தேடித்தேடி நுழைவார். நான் குடிப்பதில்லையாதலால் கார் ஓட்ட என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பெரிய தோட்டங்களின் கண்ணாடி மண்டபங்களை எல்லாம் கடந்து, மண் ரோட்டில் திரும்பி, முன்பு மாட்டுத் தொழுவமாக இருந்த ஏதாவதொரு கொட்டகைக்குப் போய்ச் சேருவோம். பலகையொன்றை இரண்டு பீப்பாவின் மேல் வைத்து, அதன் பின்னால் தோட்டக்காரரே நிற்பார். நகத்துக்குள் மண் இருக்கும். அவரே ஊற்றித் தருவார். அத்தான் அவரோடு மழையைப் பற்றியும் உறைபனியைப் பற்றியும் அரைமணி நேரம் கதைப்பார்.

"பெரிய கொம்பனி வைன் எல்லா வருஷமும் ஒரே மாதிரித்தான் இருக்கும், பிள்ளை. கலந்து கலந்து சரிப்படுத்திப் போடுவினம். சின்ன ஆக்களுக்கு அது ஏலாது. அந்த வருஷம் என்ன நடந்ததோ அது அப்பிடியே போத்தலுக்குள்ள வரும்" என்பார்.

நானும் வாயில் வைத்துத் துப்பப் பழகினேன். அங்கே வைத்திருக்கும் குறிப்புகளில் பிளாக்பெரி, வயலெற் பூ என்றெல்லாம் எழுதியிருக்கும். நான் பிறந்து வளர்ந்த இடத்தில் கண்டிராத பழமும் பூவும். "அதை விடு. உன்ரை சொல்லில சொல்லு" என்றார் அத்தான். பிறகு எனக்கு வந்தவற்றைச் சொன்னேன். இது உரித்த புளியின் தோல். இது பனங்கட்டி. இது மழை விழுந்த கருங்கல். இது நேற்றுக் கொடியில் காய்ந்த சேலை. அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். பிறகு மறுபடி மணந்து பார்த்து, "ஓம் பிள்ளை, அதுதான்" என்பார். கணவன் விட்டுப்போனவள் என்பதை மறந்து நான் இருந்தது அந்தச் சனிக்கிழமைகளில்தான்.

ஓய்வு பெற்ற வருடம் அத்தான் பள்ளத்தாக்கின் கிழக்கு முனையில், மலையடிவாரத்தில், பதினொரு ஏக்கர் வாங்கினார். அரைவாசி ஏற்கனவே கொடி நட்ட நிலம். பினோ நுவார் என்ற மெல்லிய தோல் திராட்சை. அக்கா மாதக்கணக்காகச் சண்டை பிடித்தாள். பிறகு அவளே தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு கொடி வெட்டப் பழகினாள். முதல் மூன்று வருடத்து வைனும் எளிமையானதுதான், ஆனால் நேர்மையானது. நகரத்தில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை நடத்திய வெள்ளைக்காரப் பெண் வந்து ருசி பார்த்துவிட்டு, இனி வருடாவருடம் தனக்குப் பத்துப் பெட்டி ஒதுக்கி வைக்கச் சொன்னாள். அவள் கார் கேற்றைத் தாண்டும் வரை அத்தான் மரியாதையாக நின்றார். தாண்டியதும் ஷெட்டுக்குள் போய்ப் பீப்பாவில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். நானும் அக்காவும் பார்க்காதது போல் கிளாஸ் கழுவினோம்.

நாலாம் வருடம் ஏணி சறுக்கியது. தண்ணீர்த் தாங்கியில் எதையோ பார்க்க ஏறியவர் மல்லாந்து விழுந்தார். பின்மண்டையில் அடி. எலும்பு முறியவில்லை, இரத்தம் கசியவில்லை, மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடவுள் காப்பாற்றினார் என்று அக்கா மெழுகுதிரி கொளுத்தினாள். ஒரு கிழமை கழித்துக் காலையில் கோப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன இது, வெந்நியே?" என்று கேட்டார். அப்போதுதான் தெரிந்தது. அடிபட்டதில் மணத்தைக் கொண்டுபோகும் நரம்பு அறுந்துவிட்டது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம், ஒரு வருடம் பாருங்கள் என்றார் டொக்டர்.

அந்த ஒரு வருடமும் மணப் பயிற்சி நடந்தது. நாலு சின்னக் குப்பியில் ரோசா, எலுமிச்சை, கராம்பு, யூகலிப்டஸ் எண்ணெய் கொடுத்திருந்தார்கள். காலையும் மாலையும் கண்ணை மூடி ஒவ்வொன்றாக மணந்து பழகினால் நரம்பு விழித்துக்கொள்ளக்கூடுமாம். செபமாலை சொல்வதுபோலச் செய்தார். அக்காவோ, நான் போகும் நாளில் நானோ குப்பியை மூக்கடியில் பிடிக்க வேண்டும். ஒருநாள் நான் கராம்பைப் பிடித்தேன். அவர் நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் இழுத்துவிட்டு, "எலுமிச்சை... வருது போல கிடக்கு. என்ன, எலுமிச்சைதானே?" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் மூடியைத் திருகினேன். பன்னிரண்டு மாதம் முடிந்தும் ஒன்றும் வரவில்லை.

இதை வெளியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. மூக்கில்லாதவன் செய்த வைனை எவன் வாங்குவான்? புளிப்பு, இனிப்பு எல்லாவற்றையும் கருவி வைத்து அளந்தார். மீதிக்கு நான் இருந்தேன். சனிக்கிழமை தவறாமல் பீப்பா பீப்பாவாக ருசி பார்த்துச் சொல்வேன், அவர் கொப்பியில் எழுதுவார். ஆறாவது பீப்பாவில் அழுகல் முட்டை மணக்குது என்றால் அன்றைக்கே அதைத் திருத்துவார். அந்த வருடத்து வைனும் நன்றாக வந்தது. "நாங்கள் எல்லாரும் பொய் சொல்லுவம். உன்ரை மூக்குக்கு அது தெரியாது" என்று ஒருதரம் சொன்னார். பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

அடுத்த கோடையில் மலையில் நெருப்புப் பிடித்தது. தோட்டத்துக்கு வரவில்லை, இரண்டு மலைக்கு அப்பால் எரிந்தது. ஆனால் புகை இறங்கிப் பள்ளத்தாக்கில் பன்னிரண்டு நாள் படுத்துக் கிடந்தது. பழம் நிறம் மாறி இனிக்கத் தொடங்கிய நேரம். அந்த நேரத்துப் புகைதான் ஆபத்தானது. தோலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும், கழுவினாலும் போகாது, பழத்தைத் தின்றால்கூடத் தெரியாது. வைனாக்கிய பிறகு மெல்ல மெல்ல வெளியே வரும். பக்கத்துத் தோட்டக்காரர் இரண்டு பேர் பழத்தைப் பறிக்காமல் கொடியிலேயே விட்டுவிட்டார்கள். அத்தான் பழத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார். வந்த கடிதம் உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இடைப்பட்ட அளவு, சிலருக்குத் தெரியும், சிலருக்குத் தெரியாது, செய்து பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்றிருந்தது. அவர் அந்தக் கடிதத்தை எத்தனை தரம் வாசித்திருப்பார்! ஒவ்வொரு தரமும் அதில் வேறொரு பதில் இருக்கும் என்பதுபோல வாசித்தார்.

பறித்தார். நாங்கள் மூவரும், கோயில் ஆட்கள் சிலரும் சேர்ந்து பறித்தோம்.

அந்தக் குளிர்காலத்தில் அத்தான் மெலிந்துபோனார். மணம் இல்லாதவருக்குச் சாப்பாட்டில் என்ன இருக்கிறது? அக்கா வைக்கும் மீன் குழம்பை மருந்து போல விழுங்குவார். நான் பீப்பா பார்க்கப் போகிறேன் என்றாலும், "இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்று தள்ளிக்கொண்டே வந்தார். போத்தலில் அடைக்கும் லொறியை ஓகஸ்ட் கடைசி வியாழனுக்கு ஒழுங்கு செய்திருந்தார். அதற்கு முன் முடிவெடுக்க வேண்டும். பெரிய கொம்பனி ஒன்று, புகை பட்ட வைனைப் பீப்பாவோடு மலிவாக எடுத்துத் தங்கள் வைனில் கலந்துவிடுவதாகச் சொல்லியிருந்தது. அப்படிக் கொடுத்தால் அந்த வருடம் போனதுதான். ஆனால் அவருடைய பெயர் எந்தப் போத்தலிலும் இருக்காது.

நான் போகவேண்டிய சனிக்கிழமைக்கு முதல் நாள் அக்கா நான் வேலை செய்யும் இடத்துக்கே வந்துவிட்டாள். கார் நிறுத்தும் இடத்தில், சீருடையோடு நான் நிற்க, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு என்ன மணந்தாலும் சொல்லிப்போடாதை."

"அக்கா, அது..."

"எனக்குத் தெரியும் அது என்னெண்டு. நீ அந்த மனுசனோட இருக்கேல்லை, நான் இருக்கிறன். நேற்று என்னைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக் கடதாசி எங்க, வீட்டு உறுதி எங்க, ஆரைக் கேக்கவேணும் எண்டெல்லாம் சொல்லித் தாறார். எதுக்குச் சொல்லித் தாறார்? சொல்லு பாப்பம், எதுக்கு? இன்னொரு அடி தாங்க மாட்டார், பிள்ளை. வைன் போனால் போகட்டும். ஆக்கள் குடிச்சுப்போட்டு என்னவும் சொல்லட்டும். சிலருக்குத் தெரியாதாமே. உன்ரை வாயால மட்டும் அவர் கேக்கக் கூடாது."

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் நான் மறுத்திருப்பேனோ என்னவோ.

மறுநாள் அந்தக் கிளாஸ் மூக்குக்கு வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. வாயில் வைக்கவே தேவையிருக்கவில்லை. வைத்தேன். துப்பிய பிறகுதான் அதன் முழு உருவமும் எழுந்து வந்தது. ஈரச் சாம்பல், தொண்டையின் அடிவரை. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அத்தான் கிளாஸைத் திரும்ப வாங்கினார். "வடிவாப் பார்த்தனியோ?" என்றார். "ஓம்." "ஒண்டும் இல்லையோ?" "ஒண்டும் இல்லை, அத்தான்." அவர் கொப்பியைத் திறந்து ஏதோ எழுதினார். மற்றப் பீப்பாக்களைப் பார்க்கச் சொல்லிக் கேட்கவில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. தப்பினேன் என்றுதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை லொறி வந்தது. நாலாயிரத்துக்குக் கொஞ்சம் மேற்பட்ட போத்தல்கள். ஒவ்வொன்றிலும் அவர் பெயர்.

புகை போத்தலுக்குள் இருக்க இருக்கக் கூடும். நான் அன்று முகர்ந்ததைவிட வசந்தகாலத்தில் அது இரண்டு மடங்காக இருந்தது. சாப்பாட்டுக் கடைப் பெண் முதலில் தொலைபேசி எடுத்தாள். அவள் கெட்டவளில்லை, தயங்கித் தயங்கித்தான் சொன்னாளாம். பெட்டிகளைத் தானே காரில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள். அடுத்த வருடம் பார்ப்போம் என்றும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த கிழமை, தோட்டங்கள் எல்லாம் புது வைன் ஊற்றும் வாரஇறுதி. முதல் வருடத்திலிருந்து வரும் வயதான தம்பதி ஒன்று. அந்த மனுசி ஒரு வாய் குடித்தாள், புன்னகைத்தாள், மெல்ல நடந்து போய்ப் பூப்பாத்தியில் கிளாஸைச் சரித்தாள். அத்தான் அதைப் பார்த்தார். பின்னால் வந்த ஓர் ஆள் பகிடி என்று நினைத்துக்கொண்டு, சிகரெட் சாம்பல் தட்டை நக்கினது போல இருக்கிறது என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். சிலர் சிரித்தார்கள். பிறகு அத்தானின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

அவர் ஒவ்வொருவரிடமும் போய், மன்னிக்கவேண்டும் என்று சொல்லிக் கிளாஸைக் கையிலிருந்து வாங்கினார். கதவைச் சாத்தினார். அக்காவும் நானும் கழுவும் தொட்டியடியில் நின்றோம். என்னைக் கடந்துதான் வெளியே போனார். ஒரு சொல் கேட்டிருக்கலாம். ஏசியிருக்கலாம். கேட்கவில்லை.

சின்னத் தோட்டக்காரனுக்குப் பெயர்தான் சொத்து. பள்ளத்தாக்கில் கதை ஒரு நாளில் பரவும். யார் வாயிலிருந்து போயிற்றோ தெரியாது, மூக்கில்லாதவர் என்ற கதையும் சேர்ந்து போயிற்று. அடுத்த வருடம் நல்ல மழை, நல்ல வெயில், குறையொன்றும் இல்லாத பழம். வாங்க ஆளில்லை. அதற்கடுத்த வருடம் இடத்தை விற்றார்கள். வாங்கியவர்கள் குதிரை வளர்ப்பவர்கள். கொடிகளை இயந்திரத்தால் பிடுங்கி ஓரமாகக் குவித்துக் கொளுத்தினார்கள் என்று கேள்விப்பட்டேன். அக்காவும் அத்தானும் ரோவில் வீட்டிலேயே இருக்கிறார்கள். அவர் உயிரோடு இருக்கிறார். அக்கா கேட்டது அதைத்தானே என்று எனக்கு நானே பல வருடம் சொல்லி வந்தேன். மற்றப்படி அவர் கதிரையில் இருக்கிறார், ரீவி பார்க்கிறார், சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார்.

போன மாதம் ஒரு ஞாயிறு. அக்கா பூசைக்குப் போயிருந்தாள். குசினியில் நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். அத்தான் மேசையில் இருந்தார். எந்தத் தொடக்கமும் இல்லாமல் சொன்னார்:

"உன்னட்டைத் தர முதல் நான் குடிச்சுப் பார்த்தனான்."

தேத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"மணம்தான் எனக்குப் போனது. கசப்புப் போகேல்லை. தொண்டை வரைக்கும் ஒரு வரட்சி, சாம்பலைத் தின்ன மாதிரி. எனக்கு விளங்கினது."

"அப்ப ஏன் என்னட்டைக் கேட்டனீங்கள், அத்தான்?"

அவர் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூக்கில்லாதவன்ரை நாக்கை ஆர் நம்புறது? நானே நம்பேல்லை. நீ கசக்குது எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தால் அண்டைக்கே அந்தக் கொம்பனிக்காரனுக்குப் போன் எடுத்திருப்பன். நம்பரைச் சேட்டுப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டுதான் நிண்டனான். நீ நல்லாயிருக்கு எண்டாய். அப்ப என்ரை நாக்கும் போயிட்டுது எண்டு நினைச்சன்."

அக்காதான் சொல்லச் சொன்னவள் என்பது என் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். இந்த வீட்டில் அவருக்கு இனி மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான்.  கதிரையை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"சரி, இப்பவாவது சொல்லு" என்றார். "என்ன மணந்தது?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஈரச் சாம்பல், கருகின யூகலிப்டஸ் இலை, ஆஸ்பத்திரியில் காயம் கழுவும் மருந்து, எரிந்து தண்ணீர் ஊற்றி அணைத்த பலகை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் நிறுத்தியதும், "அதுக்குக் கீழ?" என்றார்.

"கீழ பழம் இருந்தது, அத்தான். நல்ல பழம். செரிப்பழம், புளியந்தோல், மழை விழுந்த மண். புகை மட்டும் இல்லாட்டில் நீங்கள் செய்ததுக்குள்ள அதுதான் திறம்."

"மெய்யோ?"

"மெய்."

கண்ணைத் திறந்தார்.

"அண்டைக்கும் நீ இப்பிடித்தான் சொன்னனி, பிள்ளை" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. தேத்தண்ணியை எடுத்துக் குடிக்கத் தொடங்கினார். நான் சொன்னது உண்மை. பழம் இருந்தது. ஆனால் அதைக் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. அந்த வருடத்து வைனை எல்லாம் கொட்டியாயிற்று, ஒரு போத்தல்கூட மிச்சமில்லை. இருந்தாலும் அவருக்கு மணக்காது. என் சொல் ஒன்றுதான் இருந்தது.